ஆறு பிக்கப் வண்டிகளும் ஒரு சந்தேகக்காரரும்

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், எங்கிருந்தாவது இதைப் படித்துவிட்டு, "யாரு எழுதச் சொன்னா?" என்றுதான் முதலில் கேட்பார். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதினேன் என்றால் நம்பமாட்டார். எனக்கும் அவருக்கும் பேச்சு நின்று ஆறு வருஷம் ஆகிறது. அதற்கு முந்தைய பதினொரு வருஷம் அவர் இந்த உலகத்தில் நம்பிய ஒரே ஆள் நான். இதைச் சொல்லும்போது இப்போதும் நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. அந்த நிமிர்வுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

எனக்கு மார்த்தாண்டத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அவர் எங்கள் சபைக்காரர். வளைகுடாவில் ஒரு துறைமுகக் கிடங்கில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். வருகிற சரக்குப் பெட்டிகளைத் திறந்து, மேலே எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது வேலை. அங்கிருந்து திரும்புகிறவர்கள் எங்கள் பக்கத்தில் ரப்பர் தோட்டம் வாங்குவார்கள், இல்லையென்றால் ரோட்டோரமாகக் கடைமுறி கட்டி வாடகைக்கு விடுவார்கள். இவர் வீட்டுக்குப் பின்னால், வீட்டைவிட உயரமாக ஒரு ஷெட் போட்டார். அதில் பழைய பிக்கப் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்த ஆரம்பித்தார்.

ஜீப்பின் முகமும், பின்னால் திறந்த பெட்டியுமாக இருக்குமே, அந்த வண்டி. ஒரு காலத்தில் எங்கள் மாவட்டத்தில் ரப்பர் ஷீட்டும் மரச்சீனிக் கிழங்கும் மீனும் செங்கலும் தேர்தல் மைக்கும் அதில்தான் போயின. பிறகு எல்லாம் இரும்பு விலைக்குப் போய்விட்டன. மிச்சம் கிடந்தவற்றை அவர் தேடிப் பிடித்தார். ஒவ்வொன்றையும் அடிச்சட்டம் வரை கழற்றி, கம்பெனியிலிருந்து இறங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப உண்டாக்கினார். ஒரு திருகாணி கூட வேறாக இருக்கக் கூடாது.

ஊருக்கு இது பிடிபடவில்லை. களியக்காவிளை எல்லை வழியாக எதையோ கடத்துகிறார் என்று சிலர் சொன்னார்கள். பழைய வண்டிகளின் சட்டத்துக்குள் யாரோ தங்கம் ஒளித்து வைத்ததாகத் தகவல் வந்திருக்கிறது, அதைத்தான் ஒவ்வொரு வண்டியாகக் கழற்றித் தேடுகிறார் என்று ஒரு டீக்கடைக்காரர் என்னிடமே ரகசியமாகச் சொன்னார். ஊர் அவரைச் சந்தேகப்பட்டது, அவர் ஊரைச் சந்தேகப்பட்டார். இரண்டு தரப்பும் ஒன்றுக்கொன்று குறை வைக்கவில்லை.

எதை எடுத்தாலும், அசலா போலியா என்று அவருக்கு ஒரே கேள்விதான். "உள்ளதா, கள்ளமா?" கடையில் பல்பு வாங்கினாலும் அதுதான், பேப்பரில் செய்தி படித்தாலும் அதுதான். சட்டைப் பையில் ஒரு சின்ன லென்ஸும் ஒரு வட்டக் காந்தமும் எப்போதும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் ஒரு வசனத்தைச் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இவர் வேதப்புத்தகத்தைப் புரட்டி, அந்த அதிகாரத்தில் அந்த வசனம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நிமிர்வார். ஒரு தடவை போதகர் அதிகாரத்தை மாற்றிச் சொல்லிவிட்டார். அதன் பிறகு அந்த மனிதர் பிரசங்க மேடையிலிருந்து இவர் உட்காரும் மூன்றாவது பெஞ்சின் ஓரத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேதான் பேசுவார்.

அவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி நாங்கள் அவரை டீச்சர் என்றே கூப்பிடுவோம். ஒருநாள் நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தபோது டீச்சர் சொன்னார்: "நீ இவருக்க வண்டிக் காரியத்தைச் சொல்லுத. எனக்குக் கட்டுன மின்னுத் தாலியை, கட்டுததுக்கு முந்தின நாளு, தட்டான்கிட்ட கொண்டு போய் உரைச்சுப் பாத்திருக்காரு. வாங்கினது யாருன்னு நினைக்க? இவருக்க அம்மை."

அவர் அதை மறுக்கவில்லை. "கடைக்காரன் அம்மையை ஏமாத்தியிருந்தா என்ன செய்ய?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்ததால் நான் டீயைக் குடித்தேன்.

வண்டி வாங்கப் போகும்போது பல தடவை என்னையும் கூட்டிப் போயிருக்கிறார். அவர் வேலை செய்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். தேங்காப்பட்டணத்தில் ஒரு மீன் வியாபாரி, வண்டி அதிகம் ஓடவே இல்லை என்று மீட்டரைக் காட்டினார். இவர் மீட்டர் பக்கமே திரும்பவில்லை. குனிந்து பிரேக் பெடலைப் பார்த்தார். ரப்பர் தேய்ந்து, இரும்பும் தேய்ந்து, கால் வைக்கிற இடத்தில் குழிந்திருந்தது. "மீட்டரைத் திருப்பி வைக்கலாம். காலைத் திருப்பி வைக்க ஒக்குமா?" என்றார். வியாபாரி சிரித்துவிட்டார். பொய் சொன்னதற்காக இவர் யாரிடமும் கோபப்பட்டதே கிடையாது. பொய் அகப்பட்டால் அவருக்கு முகம் தெளிந்துவிடும். அகப்படாத பொய்தான் அவரைத் தூங்கவிடாது.

திருவட்டாறுப் பக்கம் ஒரு வீட்டின் பின்புறத்தில் கிடந்ததுதான் அவருடைய ஆறாவது வண்டி. அதைக் கோழிக்கூடாக்கி வைத்திருந்தார்கள். டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர், "அப்பா காலத்து வண்டியாக்கும். ஒரு கீறல் விழல்ல. பெயின்ட் கூடக் கம்பெனி பெயின்டு" என்றார். இவர் பாசமாகத் தடவுகிற மாதிரி கையைக் கதவில் வைத்து நகர்த்திக்கொண்டே போனார். உள்ளங்கையில் காந்தம். இடது கதவின் கீழ்ப்பாதிக்கு வந்ததும் காந்தம் நழுவித் தரையில் விழுந்தது.

"இங்கன என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கல்லியே."

"காந்தம் ஒட்டல்ல. தகடு இல்ல, புட்டி வச்சு அடைச்சிருக்கு."

வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அது பண்டு தென்னை விழுந்த இடமாக்கும்."

வண்டியை வாங்கிவிட்டார். முட்டை பொரியட்டும் என்று மூன்று வாரம் விட்டும் கொடுத்தார். ஆனால் அந்த மூன்று வாரமும் தினமும் திருவட்டாறு வரை போய், கார்புரேட்டர் இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

இப்படிப்பட்டவர் என்னை எப்படி நம்பினார் என்று கேட்பீர்கள். முதல் தடவை என் கடைக்கு வந்து ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் மூடி கேட்டார். இருந்தது. ஆனால் போலி. "இருக்கு அண்ணாச்சி, ஆனா கள்ளம். வாங்கண்டாம்" என்றேன். கையில் எடுத்துப் பார்க்கக்கூட இல்லாமல், என் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார். இதில் என்ன சூழ்ச்சி என்று யோசித்திருக்கிறார். போய்விட்டார். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்து, "அதைக் கள்ளம்னு சொன்னதுல உனக்கு என்ன லாபம்னு யோசிச்சுப் பாத்தேன், ஒண்ணும் கிட்டல்ல" என்றார். அன்றைக்கு நான் உண்மை சொன்னதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த மூடி இரண்டு பேரிடமிருந்து ஏற்கெனவே திரும்பி வந்திருந்தது, மூன்றாவது சண்டைக்கு எனக்குத் தெம்பில்லை. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

அதிலிருந்து நான் கொடுக்கிற பெட்டியை அவர் திறந்து பார்ப்பதில்லை. மற்றக் கடைகளில் ஒரு வாஷர் வாங்கினால்கூட லென்ஸை வைத்துப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், நகத்தால் கீறிப் பார்ப்பார். என் கடையில் பெட்டியை வாங்கி அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். கடையில் வேறு ஆட்கள் நின்றால் நான் வேண்டுமென்றே, "அண்ணாச்சி, தொறந்து பாத்துட்டுக் கொண்டு போங்கோ" என்பேன். "உனக்க பெட்டியையா?" என்பார். அந்த இரண்டு வார்த்தைக்காக நான் வேறு வேலைகளைப் போட்டுவிட்டு அவருக்காக ஊர் ஊராக அலைந்திருக்கிறேன். கொல்லத்தில் இவரைப் போலவே பிக்கப் சேகரிக்கிற ஒருவர் இருந்தார். அவரும் என்னிடம் பழைய சாமான் கேட்டு அடிக்கடி போன் செய்வார். எது கிடைத்தாலும் முதலில் இவருக்குத்தான். இவருக்கும் அது தெரியும். ஆனாலும் கொல்லத்துக்காரர் பெயரைக் கேட்டாலே இவர் கண் சுருங்கும்.

அந்த ஆறாவது வண்டி, கோழி அடைகாத்த வண்டி, ஏறக்குறைய முடிந்துவிட்டது. பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டர் கிட் மட்டும் கிடைக்கவில்லை. பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளி நான்கு சக்கரத்தையும் பிடிக்க வைப்பது இந்தச் சிலிண்டர். அதன் உள்ளே இருக்கிற ரப்பர் கப்புகளும் வளையமும் சேர்ந்ததுதான் கிட். அந்தக் காலத்து வண்டியில் எண்ணெய் போக ஒரே வழிதான். கப் மடங்கினால் நான்கு சக்கரத்துக்கும் சேர்ந்து பிரேக் போய்விடும்.

நான் கோயம்புத்தூர் வரை கேட்டேன். கோட்டயத்தில் ஒரு பழைய ஸ்டாக்குக்காரரிடம் சொல்லி வைத்தேன். நாலு மாதம் ஆயிற்று. வண்டி ஷெட்டில் கட்டைமேல் நின்றது. அவர் வாரத்துக்கு ஒருதடவை வந்து கேட்பார். அவசரப்படுத்தமாட்டார். ஒருநாள் போகிறபோது, "உன்னால ஒக்கல்லேன்னா, அந்தச் சாதனம் இப்பம் உலகத்திலயே இல்லன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது தலைக்கு ஏறிவிட்டது. இல்லை என்று அவரிடம் சொல்ல என் வாய்க்கு வரவில்லை.

போலி கிட் என் கடையிலேயே இருந்தது. அதே கம்பெனியின் பழைய காலிப் பெட்டி ஒன்றும் பரணில் கிடந்தது. மஞ்சளடித்துப்போன, மூலை மழுங்கிய, அசல் பெட்டி. ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், போலியை எடுத்து அந்தப் பெட்டியில் வைத்து மூடினேன். மூடும்போது கை நடுங்கியது என்று எழுதினால் அது பொய். நடுங்கவில்லை. அசல் கிடைத்ததும் ஏதாவது சாக்குச் சொல்லி மாற்றிவிடலாம், வண்டி எங்கே ஓடப்போகிறது, ஷெட்டில்தானே நிற்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் பெட்டியை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தார். மேலே எழுதியிருந்ததைப் படித்தார். "கிட்டிச்சு இல்லியா?" என்றார். என் தோளைத் தட்டினார். பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

அன்று தொடங்கியது என் தண்டனை. ஒருவரை ஏமாற்றினால் அவரைப் பார்த்து நாம் பயப்படுவோம் என்று எனக்கு அதுவரை தெரியாது. அடுத்த வாரம் கடைக்கு வந்தார், டீ வாங்கிக் கொடுத்தேன், ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னைக்கு இது சரியில்லையே" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. டீயைத்தான் சொன்னார். இன்னொரு நாள் பரணைப் பார்த்துக்கொண்டு, "மேல பழைய பெட்டி நிறைய வச்சிருக்கியே" என்றார். எதற்குச் சொன்னார்? இரண்டு வாரம் வராமல் இருந்தார். தெரிந்துவிட்டது என்று முடிவு செய்து, என்ன சொல்லலாம் என்று வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்தேன். பிறகு டீச்சர் போன் செய்து, அவருக்குக் காய்ச்சல் என்றார்.

வண்டியைக் கட்டையிலிருந்து இறக்கிய அன்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கீழே, "எல்லாம் உனக்க கைராசி" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று தெரியாது. குத்திக்காட்டுகிறாரா, பாராட்டுகிறாரா? அந்த மூன்று மாதத்தில் அவருடைய நோய் முழுவதும் எனக்குத் தொற்றிவிட்டது. எனக்கு வருகிற சரக்கை எல்லாம் பிரித்து மோந்து பார்க்க ஆரம்பித்தேன். என் மனைவி, "ஏன் இப்பிடி எல்லாரையும் கள்ளனைப் பாக்குத மாதிரி பாக்குதீங்க?" என்று கேட்டாள்.

மே மாதம் சபையில் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். நடக்கும். விடுமுறை நாளில் பத்து நாள் பாட்டும் வேதக் கதையும் சொல்லிக் கொடுத்து, கடைசி நாள் பிள்ளைகளை வண்டிகளில் ஏற்றி, கொடி பிடித்துப் பாட்டுப் பாடிக்கொண்டு ஊரைச் சுற்றி வரும் பவனி. அந்தக் கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம், கோட்டயத்துக்காரர் அனுப்பிய பார்சல் எனக்கு வந்தது. அசல் கிட். பெட்டி இல்லை, வெறும் பிளாஸ்டிக் உறையில் இருந்தது. கப்பின் ஓரத்தில் கம்பெனி எழுத்து பொடியாகப் பதிந்திருந்தது. எனக்கு உயிர் வந்தது. திங்கட்கிழமை போய், பிரேக் ஆயிலைப் பார்க்கிறேன் என்று சொல்லி மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

காலையில் என் மகள் இட்லி தின்றுகொண்டே, "அப்பா, நாங்க எட்டு பேரு பழைய பிக்கப்பில போவோம். மாமாவுக்க கோழி வண்டியில" என்றாள்.

எந்தச் சட்டையைப் போட்டேன் என்று நினைவில்லை. உறையைப் பையில் வைத்துக்கொண்டு ஓடினேன். மகள் எனக்கு முன்னாலேயே மற்றப் பிள்ளைகளோடு போய்விட்டாள். சபைக் கோயில் வளாகத்தில் அந்த வண்டி கலர் பேப்பரும் பலூனுமாக நின்றது. பின்பெட்டியில் பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். தலையில் காகிதக் கிரீடம். என் மகள் என்னைப் பார்த்துக் கொடியை ஆட்டினாள். அவர் வெள்ளைச் சட்டையில், டிரைவர் சீட்டில், கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். கோயில் வாசலிலிருந்து இருநூறு அடி சமதரை, அதற்குப் பிறகு சிலுவை நிற்கிற குருசடி, குருசடியிலிருந்து பஸ் நிறுத்தம் வரை ஒரே இறக்கம்.

ஜன்னல் பக்கம் போய் மெதுவாகச் சொன்னேன். "அண்ணாச்சி, வண்டியை எடுக்கண்டாம்."

"என்னத்துக்கு?"

"மாஸ்டர் சிலிண்டர் கிட் கள்ளம். நான் தெரிஞ்சுதான் குடுத்தேன். உள்ளது இந்தா இருக்கு, நேத்துதான் கிட்டிச்சு. மாட்டிட்டுப் போவோம்."

அவர் என் கையிலிருந்த உறையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். முதல் நாள் பார்த்த அதே பார்வை.

"பெட்டி எங்க?"

"பெட்டி இல்லாமத்தான் வந்தது."

"உள்ளதுக்குப் பெட்டி கிடையாது. கள்ளத்துக்குப் பெட்டி உண்டு. அப்பிடித்தானே?"

"அந்தப் பெட்டியும் எனக்க பரண்ல கிடந்ததாக்கும் அண்ணாச்சி."

அவர் குரலைத் தாழ்த்தினார். "கொல்லத்துக்காரன் போன் பண்ணினானா? உள்ளதைத் திரும்ப எடுத்து அவனுக்குக் குடுத்துட்டு, இதை எனக்கு மாட்டிட்டுப் போகலாம்னு பாக்கியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினொரு வருஷத்தில் அவரிடம் ஒரே ஒரு தடவை பொய் சொன்னேன், அதை அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். இப்போது உண்மையைச் சொல்கிறேன், நம்ப ஆள் இல்லை.

அவர் சாவியைத் திருப்பினார். நான் பின்னால் ஓடி என் மகளைத் தூக்கி இறக்கினேன். அவள் அழ ஆரம்பித்தாள். அடுத்த பிள்ளையையும் இறக்கினேன். பிள்ளைகளோடு வந்த டீச்சர்மார் சத்தம் போட்டார்கள். போதகர் அங்கியோடு வந்து என்ன விஷயம் என்று கேட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "இந்த வண்டிக்குப் பிரேக் சாமான் கள்ளச் சாமான். நான்தான் பெட்டி மாத்திக் குடுத்தேன். பிள்ளைகளை ஏத்தாதீங்க."

என் கடை என்ன ஆகும் என்று அந்த நேரத்தில் நினைக்கவே இல்லை. பிறகு நினைப்பதற்கு நிறைய நாள் கிடைத்தது.

அவர் இறங்கவில்லை. முகம் சிவந்திருந்தது. தன்னுடைய வண்டியைச் சபை முழுவதும் பார்க்க ஒருவன் கள்ளம் என்று சொல்லிவிட்டான். "எல்லாப் பிள்ளையையும் இறக்குங்கோ. நான் இறக்கம் இறங்கித் திரும்பி வந்து காட்டுதேன்" என்றார்.

மறுபக்கக் கதவைத் திறந்து நானும் ஏறி உட்கார்ந்தேன். தைரியத்தில் ஏறியதல்ல. அவரைத் தனியாக விட்டுவிட்டு அங்கே அத்தனை பேர் நடுவில் நிற்க என்னால் முடிந்திருக்காது.

வண்டி நகர்ந்தது. சமதரையில் ஒரு தடவை பிரேக்கை மிதித்துக் காட்டினார். நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி எடுத்தார். குருசடி நெருங்கியது. அதற்கு அப்பால் ரோடு கீழே இறங்குவது தெரிந்தது. என்னுடைய ஒரு கை கைப்பிரேக்கின் பிடியைச் சுற்றியிருந்தது, இன்னொரு கை கதவை இறுக்கிப் பிடித்திருந்தது, இரண்டு கால்களும் தரையை உடைத்துவிடுகிற மாதிரி ஊன்றியிருந்தன. இதையெல்லாம் நான் செய்துகொண்டிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. அவர் பார்த்தபோதுதான் நானும் பார்த்தேன்.

குருசடிக்கு முன்னாலேயே வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சினை நிறுத்தினார்.

பிறகு சீட்டுக்குப் பின்னாலிருந்து சாமான் பையை எடுத்து, வெள்ளைச் சட்டையோடு ரோட்டில் படுத்து, வண்டிக்குக் கீழே போனார். நான் உதவிக்குக் குனிந்தேன். "வேண்டாம்" என்றார். அரைமணி நேரம் ஆயிற்று. நாங்கள் அங்கே இருக்கும்போதே, ஒரு டெம்போவில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பவனி எங்களைக் கடந்து பாட்டோடு போனது. எங்களைப் பார்த்துப் பாட்டு ஒரு அடி தடுமாறிவிட்டு மறுபடி எழுந்தது.

கப்பை வெளியே எடுத்துத் துணியால் துடைத்தார். லென்ஸை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எழுத்து இல்லை. என் கையிலிருந்த உறையை வாங்கிப் பிரித்து அதையும் பார்த்தார். எழுத்து இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பானெட்டின் மேல் வைத்தார். அடிப்பார், திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேற எதெல்லாம்?" என்று கேட்டார்.

"இது மட்டும்தான் அண்ணாச்சி. எனக்க மோளு மேல ஆணை."

"பிள்ளையை இதுல இழுக்காத" என்றார்.

அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. கோயிலில் பார்த்தால் தலையசைப்பார். நாலு மாதம் கழித்து டீச்சர் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அவரு ஆறு வண்டியையும் பிரிச்சுப் போட்டிருக்காரு" என்றார். "எந்தெந்தச் சாமான் உனக்க கடையில வாங்கினதுன்னு யோசிச்சு யோசிச்சு ஒவ்வொண்ணாக் கழத்தினாரு. பெறவு அதுவும் ஓர்மை இல்லன்னு எல்லாத்தையும் கழத்திட்டாரு. சாப்பிடுததுக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்காரு. நீ ஒருக்கா வந்து, மத்தது எல்லாம் உள்ளதுன்னு சொல்லேன் மக்கா."

அன்றைக்கே போனேன். ஷெட்டில் ஆறு சட்டங்கள் மட்டும் வரிசையாக நின்றன. கதவுகள் சுவரில் சாய்ந்திருந்தன. எஞ்சின்கள் திறந்து கிடந்தன. தரை முழுவதும் பழைய செய்தித்தாள் விரித்து, சாமான்களைக் கழுவி, பெரிதும் சிறிதுமாகப் பரப்பி வைத்திருந்தார். கால் வைக்க இடமில்லை. பதினொரு வருஷத்து வேலை அது. ஒவ்வொரு வண்டியும் முடிந்த நாளில் நான் அங்கே நின்றிருக்கிறேன், கேக் வெட்டியிருக்கிறோம்.

அவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஏதோ ஒரு வளையத்தை லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சாமான் போலிருக்கிறது. பார்த்து முடித்து, தாளில் வைத்தார். மெலிந்திருந்தார்.

"எல்லாம் உள்ளது மக்கா" என்றார். "ஒண்ணு விடாமப் பாத்துட்டேன். நீ அன்னைக்குச் சொன்னது சரிதான்."

அவர் மக்கா என்று கூப்பிட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. "அப்போ திரும்ப மாட்டிரலாமே அண்ணாச்சி" என்றேன்.

"மாட்டலாம். ஆனா ஒருக்கா கழத்தின கேஸ்கட்டையும் ஆயில் சீலையும் திரும்பப் போட ஒக்காதுல்லா. ஆறு வண்டிக்கும் புதுசு வேணும்."

நான் கொண்டு தருகிறேன் என்று வாய் வரை வந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, பழைய சந்தேகமும் இல்லை. ஒரு காலத்தில் ஏதாவது சாமான் கிடைக்காதபோது என் கடையில் வந்து நின்று வழி கேட்பாரே, அப்படியேதான் கேட்டார்.

"அதை யாருகிட்ட வாங்க?"

எனக்குத் தெரிந்த கடைகளை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நாகர்கோவில், திருவனந்தபுரம், கோட்டயம், கோயம்புத்தூர் என்று போய்க்கொண்டே இருந்தேன். இங்கே வாங்கினால் உள்ளதுதான் என்று ஒரு பெயரைக்கூட அவரிடம் என்னால் சொல்ல முடியவில்லை.